யேசுரட்ணம் அத்தானை வீட்டில் இருத்திய கதை

கொட்டாஞ்சேனையில் எங்கள் சொந்தத்துக்குள் ஹாபர் என்கிற துறைமுகத்துக்கு வேலைக்குப் போகாத வீடே இல்லை. ஆனாலும் கூலி ஆட்களின் கூட்டத்தை நடத்துகிற கங்காணி என்று பேர் எடுத்தவர் யேசுரட்ணம் அத்தான் ஒருவர்தான். அவர் எனக்கு எப்படி அத்தான் என்றால், என் அம்மாவின் தமக்கை மக்தலேன் பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் செலீன் அக்கா, இளையவன் நோபேட். செலீன் அக்காவைக் கட்டினவர் அத்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியம்மா சாகக் கிடந்தபோது நோபேட்டின் கையை எடுத்து அத்தானின் கையில் வைத்து, "பாப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். அத்தான் ஓம் என்ற பிறகுதான் கண்ணை மூடினார். அந்தச் சொல்லுக்காக அத்தான் அவனை ஹாபருக்குக் கூட்டிப்போய், தன் கூட்டத்திலேயே சேர்த்து, தனக்கு அடுத்த ஆளாக வைத்துக்கொண்டார். நோபேட் எனக்கு அண்ணன் முறை. அண்ணன் என்று சொல்ல இப்போதும் எனக்கு வாய் வருவதில்லை.

அத்தானைப் போல ஓட்டக்காரரை நான் கண்டதில்லை. விடிய முதலே கிளம்பிவிடுவார். இடியப்பத்தை நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மூன்றாவது வாயை வாசலில் மென்றுகொண்டு போவார். மத்தியானச் சோறு ஹாபரில் ஆறிக் கிடந்து, பின்னேரம் வயிற்றுக்குள் போகும். ஞாயிறு பூசைக்கு வந்தால் கோவில் கதவடியில் நிற்பார், பிரசங்கம் முடிய முதல் மறைந்துவிடுவார். கேட்டால், "கப்பல் எனக்காக நிக்குமே?" என்பார்.

அந்தக் காலத்தில் அவருடைய கூட்டத்தில் ஸ்ரனிஸ்லாஸ் என்றொருவர் இருந்தார். பாரம் தூக்கின கயிறு அறுந்து, மூட்டைகள் மேலே விழுந்து செத்துப்போனார். சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபோது செலீன் அக்காதான் அவருடைய பெண்சாதியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு அக்கா தெருவில் ரிக்ஷா மணி கேட்டால், அத்தானைத்தான் கொண்டுவருகிறார்களோ என்று கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவார்.

ஒருநாள் அந்த ரிக்ஷா வந்தே விட்டது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இரண்டு மூன்று வருஷம் முந்தி. கப்பலின் அடித்தட்டில் ரங்கூன் அரிசி இறக்கிக்கொண்டிருந்தபோது அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துபோனாராம். நோபேட் அவரை அணைத்துக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினான். தெருமுனை டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஹியூபேட் ஐயா வந்து, குழல் வைத்துப் பார்த்து, வெளியே போய் அக்காவோடும் நோபேட்டோடும் கதைத்துவிட்டுப் போனார். பிறகு நோபேட் உள்ளே வந்தான்.

"அத்தான், அசையாதேங்கோ. நெஞ்சுதானாம். இனிக் கப்பலேணியில கால் வைச்சா, வைச்ச இடத்திலேயே முடிஞ்சுதாம்."

"ஆர் சொன்னது?"

"அப்போதிக்கரி ஐயாதான். அக்காவும் நிண்டவ. கேட்டுப்பாருங்கோ."

அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார்.

அன்று பின்னேரமே கோவிலிலிருந்து வெள்ளைக்காரப் பாதிரிச் சுவாமியைக் கூட்டிவந்தார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலைச் சுவாமி கொடுத்தார். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாக எண்ணெய் பூசினார். அத்தான் தானே பாதத்தைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் அக்கா மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றார். நாங்களெல்லாம் வாசலில் முழந்தாளிட்டு அழுதோம்.

அத்தான் சாகவில்லை. கங்காணிக் கோட்டையும் விசிலையும் கழற்றி நோபேட்டிடம் கொடுத்தார். கம்பனித் துரையும் சரி என்றார். நோபேட் கிழமைக்குக் கிழமை வீட்டுச் செலவுக்கு ஏதோ கொண்டுவந்து வைப்பான். அப்போதிக்கரி ஐயா கொஞ்ச நாளில் மாத்தளைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்.

முதலில் வீட்டில் இருக்க அத்தான் பட்டபாடு! ஹாபரில் சங்கு ஊதினால் துள்ளி எழும்பி நிற்பார். எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் இருப்பார். பிறகு மெல்ல மெல்ல மனுசர் மாறினார். அக்கா அக்கம்பக்கத்துக்கு இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியிருந்தார். அத்தான் முதலில் தட்டு அடுக்கிக் கொடுத்தார். பிறகு மா அரித்தார். பிறகு, அக்காவின் கை நோகிறது என்று இடியப்ப உரலையும் தன் கையில் வாங்கிப் பிழியத் தொடங்கினார். மூட்டை தூக்கின கை அல்லவா, இடியப்பம் நூலாக இறங்கும். கொட்டாஞ்சேனையில் அவ்வளவு மெல்லிய இடியப்பம் வேறெங்கும் இல்லை என்று பம்பலப்பிட்டியில் இருந்துகூட ஆள் அனுப்பி வாங்கினார்கள்.

பின்னேரங்களில் முகத்துவாரம் வரைக்கும் அவசரப்படாமல், ஆறுதலாக நடந்து போவார். ஆறு கடலில் விழுகிற இடத்தில் குந்தியிருந்து, வள்ளம் வந்தால் நாலு மீன் வாங்கிக்கொண்டு, வழியில் எல்லாரோடும் கதைத்துக்கொண்டு திரும்புவார். ஒருநாள் நான் போனபோது குசினிக்குள் கூப்பிட்டு, சுவரில் ஓட்டு இடுக்கால் இறங்குகிற வெயிலைக் காட்டினார்.

"பார், அந்தச் சட்டிக்குப் பக்கத்தால வந்து, இப்ப அம்மிக்குப் போகும். இவ்வளவு வருஷம் இந்த வீட்டுக்கு வாடகை குடுத்தனான், வெயில் வாறது இப்பதான் தெரியுது."

சாப்பாடும் அப்படித்தான். "சோறு இப்பிடி ருசிக்குமோ? இவ்வளவு நாளும் எனக்கு எதைத் தந்தனீ செலீன்?" என்று கேட்பார். "இதைத்தான் தந்தனான். நீங்கள்தான் ஆற வைச்சுத் திண்டனீங்கள்" என்பார் அக்கா. இருவரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் முந்திக் கேட்டதில்லை.

நெஞ்சு வருத்தம் தனக்குக் கடவுள் தந்த கொடை என்று அத்தான் வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தார். தன்னைத் தூக்கிவந்து காப்பாற்றினவன் என்று நோபேட்டின் பேரில் ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

அவசரமில்லாத மனுசருக்குக் கண் கூடுதலாகப் பார்க்கும். அத்தான் இப்போது ஞாயிறு பூசைக்கு அக்காவோடு சேர்ந்து போய், ஆண்கள் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்து முழுப் பூசையும் காண்பார். எதிரே பெண்கள் பக்கம். பெண்கள் எழும்பிப் போய்ப் பீடக் கிராதியில் முழந்தாளிட்டு அப்பம் வாங்குவார்கள். நாங்கள் அதை நன்மை எடுப்பது என்போம்; மனதில் பாவத்தையோ பகையையோ வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது. அக்கா மட்டும் இருந்த இடத்தில் இருப்பார். அந்தக் காலத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் அன்று நன்மை எடுக்கக் கூடாது. அத்தான் கேட்டபோது அக்கா அதைத்தான் சொன்னார்.

"தாகமா இருந்தது. மறந்துபோய்த் தண்ணி குடிச்சுப்போட்டன்."

அடுத்த ஞாயிறும் மறந்துபோனார். அதற்கடுத்த ஞாயிறு காலையில் அத்தான் குசினியில் இருந்து பார்த்தார். அக்கா குடித்தது மறதியில் இல்லை. முக்காட்டைப் போட்டு, செபமாலையைக் கையில் எடுத்து, எல்லாம் ஆயத்தமான பிறகு, மண்கூசாவிலிருந்து தண்ணீரை வார்த்து, மருந்து குடிக்கிறது மாதிரிக் குடித்தார்.

அத்தான் உயிர்த்த ஞாயிறு வரட்டும் என்று பொறுத்திருந்தார். வருஷம் முழுக்க நன்மை எடுக்காதவர்களும் அந்த ஈஸ்டர் நாட்களிலாவது எடுத்தே ஆகவேண்டும். விட்டால் பெரிய பாவம். அன்றும் அக்கா எழும்பவில்லை.

மறுநாள் காலை அத்தான் உரலைப் பிழிந்துகொண்டே தொடங்கினார். இது அக்கா தன் வாயால் எனக்குச் சொன்னது.

"நேற்றும் தாகமே?"

"ஓம்."

"குருத்தோலை ஞாயிறும் தாகம், பெரிய வியாழனும் தாகம். எங்கட கூசாவில அப்பிடி என்ன தேனே கிடக்கு?"

அக்கா தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போனனியோ?"

"போனனான். என்ர பாவத்தைச் சொன்னனான், சுவாமி பாவப்பொறுத்தல் தரேல்லை."

"அப்பிடி என்னடி செய்தனீ? ஆரும் ஆம்பிளையோ?"

"சும்மா போங்கோ! இடியப்பம் அவிச்சு முடிய எனக்கு ஆம்பிளை தேட நேரமெங்க?" என்று அக்கா சிரித்தார். சிரித்த வாயிலேயே அழுகை வந்துவிட்டது. "முதல்ல போய்ப் புருசனிட்டச் சொல்லிப்போட்டு வா எண்டவர் சுவாமி."

"அப்ப சொல்லு. நான் எங்க ஓடப்போறன்?"

அக்கா சொன்னார்.

"உங்கட நெஞ்சில ஒண்டுமில்லை. அப்போதிக்கரி ஐயா வாய்வு எண்டுதான் சொன்னவர். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ, ரெண்டு நாளில எழும்பிடுவார் எண்டவர். அவர் போன பிறகு வாசலில வைச்சு நோபேட்தான், 'அக்கா, நெஞ்செண்டு சொல்லுவம், இல்லாட்டி மனுசன் நாளைக்கே ஏணியில நிப்பார், ஸ்ரனிஸ்லாசின்ர பெட்டி மறந்துபோச்சோ' எண்டான். நான் ஓமெண்டுட்டன்."

அத்தான் உரலைக் கீழே வைத்தார். மா ஒட்டின தன் கைகளைப் பார்த்தார்.

"அதுதான் என்னைப் பிழிய விட்டனீ. நெஞ்சு வருத்தக்காரனிட்ட ஆரடி உரலைக் குடுக்கிறது? எனக்கு அது மூளையில ஓடேல்லையே."

"நீங்கள் உயிரோட இருக்கவேணுமெண்டுதான்..."

"எண்ணெய் பூச விட்டனியே, செலீன். செத்துப்போறன் எண்டு நம்பிக் காலைத் தூக்கிக் காட்டினனான். நீ பக்கத்தில மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு நிண்டனீ."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீங்கள் இப்ப சந்தோசமாத்தானே இருக்கிறியள்?" என்றார்.

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுப்பில் இடியப்பம் அவிந்து தண்ணீர் வற்றும் வரைக்கும் அக்கா அந்த இடத்திலேயே இருந்தாராம்.

மற்றதை ஹாபர் வாசலில் நின்றவர்கள் வந்து சொன்னார்கள். சாப்பாட்டு நேரம். நோபேட் அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு, நிழலில் ஆட்களோடு இருந்தான்.

"அத்தான்! இந்த வெயிலுக்க இஞ்ச என்ன? உங்கட நெஞ்சு..."

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. வைத்தியம் பார்த்தவன் நீ. உனக்குத் தெரியாதோ?"

ஆட்கள் கை கழுவாமல் எழும்பி நின்றார்கள். நோபேட்டின் முகம் கறுத்தது. ஆனாலும் அவன் கெட்டிக்காரன், உடனே கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

"இந்தாங்கோ கோட்டு. இப்பவே துரையிட்டப் போவம், நானே சொல்லுறன். நாளைக்கு விடியமுன்னம் வந்து ஏறுங்கோ ஏணியில. வருவியளோ? அந்தோனியார் பேரில உண்மையைச் சொல்லுங்கோ அத்தான், வருவியளோ?"

அத்தான் கப்பலைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார்.

"வரமாட்டன்."

"பிறகேன் கத்துறியள்? நான் உங்களுக்கு நல்லதுதானே செய்தனான்." யாரோ ஒருவன் பின்னால் நின்று சிரித்தான்.

"மாமி உன்ர கையை என்ர கையில வைக்கேக்க என்னைக் கேட்டவ. பாப்பீங்களா எண்டு கேட்டவ. சாகப்போற மனுசி, அவவுக்கு மூச்சில்லை, எண்டாலும் கேட்டவ. நீ என்னைக் கேட்டனியோ? கேட்டிருந்தா, போதும் தம்பி எண்டு நானே கோட்டைக் கழட்டித் தந்திருப்பனோ, உன்னை அடிச்சுத் துரத்தியிருப்பனோ, இனி அது எனக்கே தெரியப்போறதில்லை."

நோபேட் கோட்டை நீட்டியபடி நின்றான்.

"நீயே போடு. உன்ர காசோட வீட்டுப் பக்கம் வராதை. செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியும் இனி இல்லை."

அத்தான் திரும்பி நடந்தார். ஓடித் திரிந்த காலத்து நடை இல்லை. முகத்துவாரம் போய்வருகிற அதே ஆறுதலான நடை. அது அவருடைய காலில் ஊறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல உரலுக்கு முன்னால் இருந்தார். இடியப்பம் அதே மெல்லிசாகத்தான் இறங்கியது. சோற்றைச் சூடாகத்தான் தின்றார். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெயில் சட்டிக்குப் பக்கத்தால் வந்து அம்மிக்குப் போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. அக்காவோடு சண்டையும் இல்லை. உப்பு, தேங்காய், விறகு என்று தேவையானதை மட்டும் கதைத்தார்.

சனிக்கிழமை அக்கா போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். புருசனிடம் சொல்லிவிட்டேன் என்றதும் சுவாமி பாவப்பொறுத்தல் கொடுத்துவிட்டார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அக்கா நன்றாக நித்திரை கொண்டாராம்.

ஞாயிறு காலை அக்கா புது முக்காடு போட்டுக்கொண்டு நின்றார். கூசாப் பக்கம் போகவில்லை. அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைச் சீவி, செபமாலையை எடுத்து மடியில் செருகினார். பிறகு கூசாவைத் தூக்கி, கோப்பை நிறையத் தண்ணீர் வார்த்து, அக்காவைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் அக்கா. "பூசைக்கெல்லே போறம்."

"தெரியும்," என்றார் அத்தான். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "தாகமா இருந்தது."

இருவரும் சேர்ந்தே போனார்கள். அக்கா எழும்பிப் போய்க் கிராதியில் முழந்தாளிட்டார். திரும்பி வரும்போது ஆண்கள் பக்கத்தைப் பார்த்தார். எல்லாரும் எழும்பிப் போன வெறும் வாங்கில் அத்தான் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.