இரண்டு நிமிட மோட்டார்

வேதசிரோமணியும் மகள் பிளஸ்ஸியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நீல டிரம்மில் தண்ணீர் பிடித்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு. படகு மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். அதை டிரம்முக்குள் இறக்கி அவர் கயிற்றை இழுத்தார். ஏழாவது இழுப்பில் பிடித்தது. இரண்டு நிமிடம் ஓடி நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி இரண்டே நிமிடம்.

"கார்புரேட்டர் போச்சுப்பா. காயலான் கடையில போடுங்க" என்றாள் பிளஸ்ஸி. ஒரகடத்தில் எஞ்சின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் பொறியாளர்.

"இதுக்கா உன்னை நாலு வருஷம் படிக்க வச்சேன்?" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் முப்பது வருஷம் குடிநீர்க் குழாய் பிட்டர். கசிவு அவருக்குப் பாவம் மாதிரி. ஊறுகாய் ஜாடி, கேஸ் குமிழ், குளியலறைக் குழாய் எதுவானாலும் இறுக்கி முறுக்கிவிடுவார். அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை வீட்டில் யாருக்கும் ஊறுகாய் கிடையாது.

2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்தார்கள். மூன்றாம் நாள் மீனவர்கள் படகோடு வந்தார்கள். எதிர்வீட்டுத் தனம் மட்டும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறமாட்டேன் என்று மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் பக்தவச்சலமும் கூடவே இன்னொரு நாள் நனைந்தார். "அடுத்த தடவை யாரும் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன்" என்றார் வேதசிரோமணி. ஓய்வு பெற்றதும் கோவளம் போய்ப் பழைய பைபர் படகும் அதைவிடப் பழைய மோட்டாரும் வாங்கிவந்தார். நீச்சல் தெரியாது.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் பக்தவச்சலம் வந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

"இன்னாம்மா பிளஸ்ஸி, சங்கத்து இடத்துல படகு இன்னும் கீது. தண்ணி தேங்கிக் கொசு வருதுன்றாங்க."

"கவுத்துப் போட்டிருக்கேன் அங்கிள். எப்படித் தேங்கும்?"

"ஓடாத மோட்டாருக்கு இன்னாத்துக்கும்மா படகு? ஞாயித்துக்கெழம வண்டி சொல்லிக்கீறேன். ஏத்திகினு போயிடுவான்."

"அன்னைக்கு மோட்டார் பத்து நிமிஷம் ஓடினா?"

"ஓடினா நானே அதுக்கு மாலை போடுறேன்."

அந்த வாரம் முழுக்க அவள் வேலை முடிந்து வந்து கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். புது பிளக் போட்டாள். பெட்ரோலை மாற்ற, டேங்க் மூடியைத் திறக்கவே குறடு தேவைப்பட்டது. அப்பா கை.

ஞாயிறு. அதே டிரம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பக்தவச்சலம் வாட்சைப் பார்த்தார். இரண்டு நிமிடம். நின்றது.

"வண்டிய வரச் சொல்லவாம்மா?" அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பெட்ரோல் குழாயின் நடுவே இருந்த ரப்பர் குமிழைத் தொட்டாள். பிழிந்த எலுமிச்சை போல ஒட்டிக் கிடந்தது. பெட்ரோல் வெளியேற வெளியேற டேங்குக்குள் காற்று நுழைய வேண்டும். அதற்காக மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு உண்டு. மோட்டார் ஓடும்போது அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். அப்பா அதையும் விட்டுவைக்கவில்லை. இறுக்கியது பிட்டர். அதைப் பார்க்காமலே காயலான் கடை என்றது பொறியாளர்.

"இருங்க அங்கிள். வாட்சை மட்டும் பாத்துக்கினே இருங்க."

குறடால் திருகைத் தளர்த்தினாள். உஸ்ஸென்று டேங்க் மூச்சை இழுத்தது. கயிற்றை இழுத்தாள்.

பத்து நிமிடம் ஆனது. அவள் நிறுத்தவில்லை. பதினைந்து. டிரம் தண்ணீர் வெதுவெதுப்பானது.

"போதும்மா, தெருவே பொகையா கீது."

"மாலை எங்க அங்கிள்?"

இருபதாவது நிமிடத்தில் அவளாக நிறுத்தினாள். வண்டி வரவில்லை.

குறடைத் திரும்ப வைக்கக் கருவிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே, படகுக்கு வாங்க வேண்டியதை அப்பா எழுதிய சீட்டு இருந்தது. ஆயில், கயிறு, துடுப்பு எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. கடைசி வரி மட்டும் அடிக்கப்படவில்லை.

"தனம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட். பெரிய சைஸ். சைஸ் கேட்கணும், கோவிச்சுக்குவாங்க."