ரயிலுக்கும் ஒரு உத்தரணி

அந்த ஆயுத பூஜைக்கு முந்தைய மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காக உட்காரவில்லை. மாமா உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் டப்பா மூடியில் போட்டு வைத்திருந்த எஃகுக் குண்டுகள் உருண்டு தரையில் விழும். மிளகைவிடச் சிறிய குண்டுகள். ஒன்று விழுந்தாலும் அம்மா, மாமா, நான் மூவரும் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்போம். அப்பா லாரியோடு நாக்பூர்ப் பக்கம் போயிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொம்மை ரயிலுக்கா இவ்ளோ?" என்றார். மாமா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

அது பொம்மை இல்லை என்பதுதான் மாமாவின் கட்சி. உண்மையான நெருப்பு, உண்மையான தண்ணீர், உண்மையான நீராவி. அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. இன்ஜின் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம்.

மாமா, அம்மாவின் தம்பி. பர்கூரிலிருந்து வந்து ஓசூரில் எங்கள் வீட்டில் தங்கி, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் டர்னராக இருந்தார். நான்கு வருடமாக ஒரே அளவுள்ள இரும்பு வளையத்தைக் கடைந்துகொண்டிருந்தார். அவர் போக விரும்பிய இடம் அதே கட்டடத்தின் மறுகோடியில் இருந்த டூல் ரூம். கம்பெனிக்கு வேண்டிய அச்சுகளையும் அளவுக் கருவிகளையும் அங்கேதான் செய்வார்கள். அங்கே இன்று செய்ததை நாளை செய்ய வேண்டியதில்லை என்று மாமா சொல்வார். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பர்மனென்ட் என்று அம்மா சொல்வாள்.

ரயில், அந்தக் கம்பெனியின் பெரிய சாருடையது. பெங்களூர்க்காரர். தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிக் காரில் வருவார். வருடம் முழுக்க ரயில் அவருடைய அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். ஊழியர்களின் குடும்பங்கள் கம்பெனிக்குள் வரும் ஆயுத பூஜையன்று மட்டும் கேண்டீன் தரையில் தண்டவாளம் போட்டு ஓட்டுவார். அதற்கு ஒரு குறை இருந்தது. கொதிகலனில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் பிடிக்கும். கால் மணி நேரத்தில் அது ஆவியாகிவிடும். பிறகு நெருப்பை அணைத்து, ஆறவைத்து, மறுபடி நிரப்புவதற்குள் பிள்ளைகள் பொரி வாங்கப் போய்விடுவார்கள். ஒருநாள் ஏதோ சாம்பிளைக் காட்டப் போன மாமாவிடம் சார் பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, மாமா யோசிக்காமல், "ஓடும்போதே தண்ணி ஏத்தற மாதிரி ஒரு பம்ப் வெச்சிரலாம் சார்" என்று சொல்லிவிட்டார்.

"நீ பண்ணுவியா?"

"பண்ணிரலாம் சார்."

"பண்ணு, பாக்கலாம். நல்லா ஓடிச்சுன்னா டூல் ரூமுக்கு வந்துடு."

மாமா அன்று சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்க மறந்து நடந்தே வீட்டுக்கு வந்தார்.

பம்ப் என் சுண்டுவிரல் அளவுப் பித்தளை. இன்ஜினுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே உட்காரும். அச்சு சுற்றச் சுற்ற ஒரு தண்டு அதற்குள் போய் வெளியே வரும். வெளியே வரும்போது இன்ஜினை ஒட்டிய பின்பெட்டியில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுக்கும். உள்ளே போகும்போது அதைக் கொதிகலனுக்குள் தள்ளும். இழுத்த தண்ணீர் திரும்பி ஓடிவிடாமல் வழியில் இரண்டு குண்டுகள் கதவாக நிற்கும். இவ்வளவுதான். இந்த இவ்வளவுதான் வரவில்லை. முதல் பம்ப் ஒழுகியது. இரண்டாவது காற்றை மட்டும் இழுத்து விக்கியது. மூன்றாவது, மெதுவாகச் சுற்றினால் வேலை செய்தது, வேகமாகச் சுற்றினால் செய்யவில்லை. மாமா பாதிச் சோற்றில் எழுந்து போய், சோதனைக்காகப் பம்போடு கோத்திருந்த சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே கையோடு திரும்பி வருவார்.

அம்மா அப்போது மீட்டர் செய்யும் கம்பெனியில், நுணுக்கமான உதிரிகளை இடுக்கியால் எடுத்து வைக்கும் லைனில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து பம்பைக் காதோரம் வைத்து மாமாவைச் சுற்றச் சொன்னாள்.

"டேய், குண்டு ரொம்ப மேல எகிறுதுடா. டிக்குனு உக்கார்ற சத்தம் லேட்டா வருது. அதுக்குள்ள தண்ணி திரும்பி ஓடிருது. தலைக்கு மேல எடத்தைக் கம்மி பண்ணு."

"அதெல்லாம் கணக்குப் போட்டுத்தான்க்கா வெச்சிருக்கறேன்."

"நீ கணக்குப் போட்டுக்கினே இரு. தண்ணி போய்க்கினே இருக்கும்."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த மாமா இடத்தைக் குறைத்தார். தண்ணீர் ஏறியது. "நானே மாத்தலாம்னுதான் இருந்தேன்" என்றார். அம்மா உதட்டை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

என் பங்கு, சரிபார்ப்புப் பட்டியல். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு, எதையும் எண் போட்டு எழுதினால்தான் அது நடந்ததாகத் தோன்றும். மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, சக்கரங்களுக்கு எண்ணெய். இரண்டு, குழாய் மூட்டுகள் இறுக்கம். மூன்று, தொட்டியின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் இடத்து வலை, சுத்தம். நான்கு, தொட்டித் தண்ணீர், துணியில் மூன்று முறை வடிகட்டியது. நான்காவதுக்கு அடியில் இரண்டு கோடு போடச் சொன்னார்.

"ஒரு தூசி போதும் பாப்பா. என்னை ஊட்டுக்கு அனுப்பிரும்."

பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரைகளுக்குக்கூடச் சந்தனம், குங்குமம். பூஜை போட்டபின் அன்றைக்கு எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது. ரயிலை மட்டும் எப்படி ஓட்டலாம் என்று ஒரு வயதான ஃபிட்டர் கேட்டார். வருடா வருடம் கேட்பாராம்.

"அது மெஷின் இல்லப்பா, தேரு" என்றார் பெரிய சார். இதுவும் வருடா வருடம் சொல்வதுதானாம்.

தேர் என்று ஆனபின் அதற்குரிய மரியாதையைச் செய்யாமல் இருக்க முடியுமா? சார் வெள்ளிச் செம்பில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். உத்தரணிக் கரண்டியால் ஒவ்வொருவர் கையிலும் ஊற்றியபடி வந்தவர் ரயிலருகே நின்றார்.

"நமக்கெல்லாம் ஆச்சு. இதுக்கு?"

பின்பெட்டியின் மூடியைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு உத்தரணி ஊற்றினார். தீர்த்தத்தோடு ஒரு துளசி இலையும் உள்ளே போனது.

மாமா தொட்டியின் மூடியைச் சாத்தினார்.

நான் பட்டியலைப் பார்த்தேன். நான்காவது வரிக்கு டிக் அடித்து அரை மணி ஆகியிருந்தது.

"மாமா, டிக்கை அழிச்சிட்டு மறுபடி வடிகட்டலாமா?"

"சும்மா இரு பாப்பா."

"உள்ள இலை இருக்குது மாமா."

"பாத்தேன். மெதக்கும். ஒண்ணும் ஆவாது." அவர் நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே கால் ஆடிக்கொண்டிருந்தது.

சார் நெருப்பைப் பற்றவைத்தார். நீராவி கூடியதும் ரயில் கிளம்பியது. பின்னால் மூன்று பெட்டிகளில் பொரி. பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். கொதிகலனின் நீர்மட்டத்தைக் காட்ட, தீக்குச்சி கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. ரயில் என்னைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து பார்த்துக் கத்தினேன். முக்கால். முக்கால். முக்கால். ஆவியாகிப் போகிற தண்ணீரைப் பம்ப் ஈடுகட்டுகிறது என்று அதற்குப் பொருள். மாமா கட்டைவிரலை உயர்த்தினார். அம்மா தூரத்தில் நின்று பொரியைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். பத்தாவது சுற்றில் முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. பன்னிரண்டில் அரை. பதினைந்தில் மாமாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"கால்தான் மாமா இருக்குது!"

தண்ணீர் வற்றிய கொதிகலன் நெருப்பின்மேல் நின்றால் கெட்டுவிடும். மாமா பாய்ந்து, ஓடுகிற ரயிலைக் கையால் பிடித்து நிறுத்தி நெருப்பை அணைத்தார். இரண்டு விரல் சுட்டுக்கொண்டது.

அவர் பின்பெட்டி மூடியைத் திறந்தபோது என் தலை அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. தொட்டியின் அடியில், வலையின்மேல், தபால்தலை ஒட்டியதுபோல அந்த இலை ஒட்டியிருந்தது. மாமா அதை நகத்தால் எடுத்தார். எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சார்.

"குண்டு சரியா உக்காரல சார். அது உக்கார்ற எடத்தை நான் சரியாக் கடையல. என் தப்புதான்."

மாமா அன்று வேறு என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஏதோ அடைத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை, பிரித்துப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். கையில் கிடைத்த பொய்களில் தன் தலையில் விழுவதையே அவர் எடுத்துக்கொண்டார். எனக்கோ ஒன்றுதான் காதில் விழுந்தது. குண்டைக் குறை சொல்கிறார். கட்டிலடியில் மண்டியிட்டு நாங்கள் தேடிய குண்டு. அம்மா காதில் வைத்துக் கேட்ட குண்டு.

"பொய் சொல்றாரு!" என்று கத்தினேன். "குண்டு நல்லாத்தான் இருக்குது. மாமா கையில பாருங்க, துளசி இருக்குது. சார்தான் டேங்குல போட்டாரு!"

எங்கிருந்தோ வந்த அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. நகம் உட்பட. யாரும் என்னைப் பார்க்கவில்லை, சாரைத்தான் பார்த்தார்கள். அவர் மாமாவின் மூடிய கையைப் பார்த்தார். மாமா கையை விரித்தார். சார் வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அதன்பிறகுதான் கேண்டீன் சிரித்தது.

"என்னையே மாட்டி விட்டுட்டாளே! இந்தப் பொண்ணை முதல்ல குவாலிட்டில போடுங்கப்பா."

கொதிகலனில் தண்ணீர் நிரப்பி மறுபடி பற்றவைத்தார்கள். ரயில் நாற்பத்தாறு சுற்று நிற்காமல் ஓடியது. நான் முக்கால், முக்கால் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பொரி தீர்ந்துதான் நிறுத்தினார்கள். சார் எனக்கு மட்டும் இரண்டு லட்டு கொடுத்தார். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தண்டவாளத்தைக் கழற்றும்போது சார் மாமாவின் பக்கத்தில் வந்து நின்றார். லட்டோடு நானும் அங்கேதான் இருந்தேன்.

"பம்ப் நல்லா பண்ணிருக்கே."

"சரிங்க சார்."

"தப்பு எங்கேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வேற எடத்தைக் காட்டினே."

"இல்ல சார், நீங்க தீர்த்தம்…"

"நாளைக்கு ஒரு அச்சு ஒடைஞ்சாலும் என் மொகத்தைப் பாத்துதானே காரணம் சொல்லுவே? டூல் ரூம்ல அது ஆகாதுப்பா."

"சரிங்க சார்."

"ஹோக்லி பிடு" என்று, போகட்டும் விடு என்பதைக் கன்னடத்தில் சொல்லித் தேற்றி, தோளைத் தட்டிக்கொடுத்தார். "பொரி சாப்பிட்டியா?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவின் விரலில் டூத் பேஸ்ட் தடவினாள். "அவளுக்கு என்னா தெரியும், உடுடா" என்றாள். "நான் என்னா சொன்னேன் இப்ப?" என்றார் மாமா. மேசையில் குண்டுகள் இருந்த மூடி அப்படியே இருந்தது. அவர் கால் ஆடவில்லை. அதையும் நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறேன். குறை எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்து எழுதுவதே வேலை. அன்று சார் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தவறு என்று என்னால் அடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு அறிக்கையிலும் கையெழுத்துப் போடுமுன் யாராவது ஒருவருடைய முகம் என் கண்முன் வந்து போகிறது. அன்று கேண்டீன் சிரித்தது, சொன்னவளுக்குப் பத்து வயது என்பதால். அதே வாக்கியத்தை மாமா சொல்லியிருந்தால், முதலில் சிரிக்க வேண்டியவர் சிரித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. அதனால்தான் அவர் கையை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு இதில் எதுவும் எனக்கு எட்டவில்லை. தீபாவளியும் போனபின் ஒரு காலையில், ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, டூல் ரூமுக்கு எப்போ போற?"

அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதையே கட்டினார்.

"அங்க நாள் முழுக்க ஏசி பாப்பா. எனக்குச் சளி புடிச்சுக்கும். நான்தான் வேணாம்னுட்டேன்."

எனக்கு அது மிகவும் சரியான காரணமாகப் பட்டது. அன்று மதியம் சாப்பாட்டு மணிக்கு வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். என் மாமாவை டூல் ரூமுக்குக் கூப்பிட்டார்கள், ஏசி ஆகாது என்று அவர்தான் போகவில்லை. அவரைக் கூப்பிட்டதற்கே நான்தான் காரணம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.