வீபெக்கா சுட்ட கேக்

வீபெக்கா எங்கள் ஜன்னல் தொழிற்சாலைக்கு மேலாளராக வந்தபோது நாங்கள் சிரித்தோம். மரம் அறுக்கத் தெரியாது, கண்ணாடி வெட்டத் தெரியாது. படித்தது மானுடவியல். ஃபாரோ தீவுகளில் ஒரு மீனவர் ஊரில் ஒன்றரை வருஷம் மீன் சுத்தம் செய்துகொண்டே, அந்த ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நோட்டு நோட்டாக எழுதியவள். “நம்மளையும் எழுதப் போறா, பாரு” என்றான் ஏகோன். அறுப்புப் பிரிவில் முப்பது வருஷமாக இருப்பவன். அவள் எழுதவும் செய்தாள்.

எனக்கு அவளை இரண்டாம் நாளே பிடித்துப்போனது. மோர்ஸ் தீவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவரின் மகள், அலட்டல் கிடையாது. மேலாளர் அறையை விட்டுவிட்டு எங்கள் மேஜைக்கு வந்து, டப்பாவைத் திறந்து, கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவித் தின்றாள். என் ஊறுகாய் வெள்ளரியில் ஒன்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

நான் அப்போது தொழிலாளர் பிரதிநிதி. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவள் என்று எனக்கு ஊரில் பேர் உண்டு. ஒரு தடவை மட்டும் சொல்லாமல் இருந்தேன்.

எங்களிடம் தப்புக் கேக் என்று ஒரு வழக்கம். வேலையில் சொதப்பியவர் மறுநாள் ஒன்பது மணிக் காபிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். சொந்தக் கையால் சுட்டதாக இருக்க வேண்டும். பேக்கரியில் வாங்கினால் செல்லாது. எழுந்து நின்று, என்ன சொதப்பினோம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் தின்றபடியே கிண்டலடிப்பார்கள்.

வந்த மூன்றாவது வாரம் வீபெக்கா அதைப் பார்த்தாள். கண்ணாடிப் பிரிவுப் பெண் ஒருத்தி காது சிவக்க நின்றுகொண்டிருந்தாள். மறுநாளே அறிவிப்பு வந்துவிட்டது.

“தப்பு செஞ்சவங்களை நிக்க வெச்சுச் சிரிக்கிறது எனக்குச் சரியாப் படலை. இனிமே ஒரு படிவம் போதும். எழுதிப் பெட்டியில போடுங்க.”

நல்ல மனசோடுதான் செய்தாள். அந்தக் கேக்கில் அவள் கண்ணில் படாத ஒரு விஷயம் இருந்தது. எனக்கு அது தெரியும். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தாளே என்று எனக்குக் கடுப்பு. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மாதத்தில் அந்தப் பெட்டியில் விழுந்தவை இரண்டு படிவங்கள். ஒன்று, காபி தண்ணியாக இருக்கிறது என்று ஏகோன் எழுதியது. கோபன்ஹேகனில் இருக்கும் முதலாளிகள், தவறுகள் குறைந்துவிட்டன என்று அவளைப் பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள்.

அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. ஆல்போர்க்கில் புதிதாகக் கட்டிய முதியோர் இல்லத்தில் எங்கள் ஜன்னல்கள் ஒழுகின. மொத்தம் அறுநூறு ஜன்னல். அதில் சிலதுதான் ஒழுகுகிறது, இன்னும் எவையெல்லாம் ஒழுகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அதைச் சொல்லாவிட்டால் அறுநூறையும் கழற்றித் திருப்பி அனுப்புவேன் என்றார் கட்டடக்காரர். அறுநூறும் திரும்பினால் தொழிற்சாலையின் இரண்டாவது உற்பத்தி வரிசையை மூடிவிடுவோம் என்றார்கள் முதலாளிகள். இரண்டாவது வரிசை என்றால் இருபத்திரண்டு பேர். என் தங்கையும் அதில் ஒருத்தி.

புதன்கிழமை காலை வீபெக்கா நோட்டோடு என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“யூட்டா, அந்தக் கேக்கைத் தின்னு முடிச்சப்புறம் என்ன நடக்கும்?”

“இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா?”

“ஆமா. இப்பத்தான்.”

அதற்கு மேல் எனக்கு வீம்பு பிடிக்க முடியவில்லை. “ஒண்ணும் நடக்காது. அதான் விஷயமே. தட்டு காலியானா அந்தத் தப்பும் காலி. அப்புறம் அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, மேலாளரா இருந்தாலும். ஏகோன் ஒரு தடவை நாப்பது ஜன்னல் சட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் குட்டையா அறுத்துட்டான். பன்னெண்டு வருஷமா யாரும் அதைப் பேசினதில்ல.”

“இப்ப நீ பேசுறியே.”

“நீதான கேட்டே.”

அவள் சிரிக்கவில்லை. “படிவத்துல எழுதினா?”

“பேரோட அலமாரிக்குள்ள காலத்துக்கும் கிடக்கும். எவன் எழுதுவான்?”

நோட்டை மூடினாள். பிறகு, “கேக் சுடறது கஷ்டமா?” என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஆப்பிள் கேக்கோடு வந்தாள். அடி கருகியிருந்தது, நடு பள்ளமாகியிருந்தது. வெட்டி எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நின்றாள்.

“ஃபாரோவுல ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எதையும் புரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி தொடக் கூடாதுன்னு கத்துக்கிட்டேன். இங்க நம்ம ஜனங்கதானே, எல்லாம் தெரியும்னு நினைச்சு மூணே வாரத்துல கை வெச்சுட்டேன். உங்க கேக்கை நிறுத்தினது என் தப்பு.”

ஏகோன் மென்றான். “உள்ள மாவு வேகலை” என்றான்.

“தெரியும்.”

“ஃபாரோவுல மீனைப் பச்சையாத்தான் தின்னியா?”

சிரிப்பு கிளம்பியது. அவளைக் கிண்டலடித்துக்கொண்டே கடைசித் துணுக்குவரை தின்றார்கள். தட்டு காலியானதும் மூலையிலிருந்து பிரேபென் எழுந்தான். மழைத்தண்ணி புகாமல் ஜன்னலடியில் ரப்பர் பட்டை பொருத்துகிறவன், அதிகம் பேசமாட்டான்.

“நாளைக்கு நான் கேக் கொண்டு வரணும்” என்றான்.

“கேக்கை நாளைக்குக் கொண்டுவா. விஷயத்தை இப்பவே சொல்லு” என்றேன்.

மே மாதம் புது ரப்பர் வந்ததாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். மூன்று நாள் தலைகீழாகப் பொருத்திவிட்டு, நான்காம் நாள்தான் கவனித்தானாம். “படிவத்தை மூணு தடவை எடுத்தேன். பேர் எழுதற இடத்துல பேனா நின்னுபோச்சு” என்றான். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து மாதம் அதை அவன் தனியாகச் சுமந்திருக்கிறான்.

ஒவ்வொரு சட்டத்திலும் தேதி பொறித்திருப்போம். அந்த மூன்று நாள் தேதியில் எண்பத்துநாலு ஜன்னல்தான். அன்று மத்தியானமே கட்டடக்காரருக்குப் பட்டியல் போனது. மற்றவை அங்கேயே இருந்தன. இரண்டாவது வரிசையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பிரேபெனின் கேக்கைத் தின்றோம். திங்கட்கிழமை நான் ஒன்று கொண்டுபோனேன்.

“உனக்கு என்ன?” என்றாள் வீபெக்கா.

நின்றேன். முப்பது பேர் பார்த்தார்கள். “கேக்கை நிறுத்தினா இப்படித்தான் ஆகும்னு எனக்கு மார்ச் மாசமே தெரியும். வீம்புக்குச் சொல்லலை. பிரேபென் தவிச்சதும், உங்க வேலை போக இருந்ததும் அதனாலதான்.”

என் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஏகோன்கூடக் கிண்டலடிக்கவில்லை. வீபெக்கா தட்டை நீட்டி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள், நிதானமாகத் தின்றாள். கடைசித் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுவிட்டு, “காபி இருக்கா?” என்றாள்.

அதன்பின் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம், எத்தனையோ விஷயத்தில் சண்டையும் போட்டோம். எந்தச் சண்டையிலும் அவள் அதை எடுத்ததில்லை.