பஸ்ஸில் ஊட்டிய சர்க்கரை

தொண்ணூறுகளின் நடுவில், சூலூரிலிருந்து கோவைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் நடந்தது இது. அப்போது நாங்கள் சூலூரில் சின்னதாக விசைத்தறி வைத்திருந்தோம். மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்ல, கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரத்தக் குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்துவிடுவது நல்லது என்று நாளும் குறித்தார்கள். ஆனால் அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். அது கட்டுக்குள் வந்தால்தான் கத்தி வைப்போம், இல்லாவிட்டால் தையல் ஆறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாத்திரை போய் இன்சுலின் வந்தது. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி காலையில் நானே ஊசி போட்டு, அரை மணி கழித்துச் சாப்பாடு கொடுப்பேன். விசேஷ வீட்டுக்குப் போனால், வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டை இரண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர். வீட்டிலிருந்த வெல்லத்தையும் சர்க்கரையையும் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. மனிதர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“கத்திக்குக்கூடப் பயமில்ல அம்மணி. இந்தா நாளைக்கு, இந்தா நாளைக்குன்னு காத்துக் கெடக்கறதுதான் ஆகமாட்டேங்குது” என்பார். ஆபரேஷன் தள்ளிப்போய்விடுமோ என்பதுதான் அவர் கவலை.

ஆஸ்பத்திரியில் சேரும் முன் கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வரவேண்டும், ரத்தம் எடுத்த பிறகு ஊசி, அதன் பிறகு சாப்பாடு என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இவரோ பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நல்ல மார்க் வாங்கியே தீருவது என்று முடிவு செய்திருக்கிறார். முந்தின ராத்திரி பசியில்லை என்று அரைகுறையாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் தானே ஊசியும் போட்டுக்கொண்டுவிட்டார். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

ஒண்டிப்புதூர் தாண்டும்போது அவர் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டை நனைந்து என் கையில் ஒட்டியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. விரல்கள் நடுங்கின.

“ஏனுங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?” என்று உலுக்கினேன். யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஹார்ட் பேஷண்டுங்க என்று நான் அழ, கண்டக்டர் வண்டியை எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார்.

முன் சீட்டிலிருந்து பட்டுச்சேலை கட்டிய ஓர் அக்கா எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“ஏனுங்க்கா, அண்ணனுக்குச் சக்கரை இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“காலைல ஊசி போட்டாங்களா?”

இல்லை என்றேன். அவர் விடவில்லை. குனிந்து இவரிடமே, “அண்ணா, ஊசி போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். இவர் மெல்லத் தலையாட்டி, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“சக்கரை எறங்கிப்போச்சுங்க்கா. எனக்கும் இப்படி வந்திருக்குது” என்றவர், கைப்பையிலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தார். முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்தார். பிறகு சர்க்கரையை என் உள்ளங்கையில் கொட்டினார். “நீங்களே ஊட்டுங்க.”

நான் கையை இவர் வாயருகே கொண்டுபோனேன். இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

“வேண்டாமுங்க” என்றார், குழறலாக. “எங்கூட்டு அம்மணிக்குத் தெரிஞ்சா வருத்தப்படும்.”

என்னிடமே சொன்னார். ஊட்டுவது யார் என்று தெரியாத நிலையிலும் என் மனசு நோகக்கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. “நாந்தானுங்க அம்மணி. நாந்தான் குடுக்கறேன், தின்னுங்க” என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன். அந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடலாம் என்று சிங்காநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அந்த அக்கா பக்கத்துப் பேக்கரியில் பன் வாங்கிக்கொண்டு தானும் ஏறி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. முகூர்த்த நேரமாச்சே, நீங்க போங்க என்று கெஞ்சினேன்.

“கண்ணாலம் நான் இல்லீனாலும் நடக்குமுங்க” என்று சொல்லிவிட்டு, பன்னைப் பிய்த்துப் பிய்த்து என்னிடம் கொடுத்தார். பாதி பன் போன பிறகு என் வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். “பஸ்ல தானே வந்தோம்? ஆட்டோவுக்கு எப்ப மாறுனோம் அம்மணி?” என்றார். நானும் அந்த அக்காவும் சிரித்தோம். என்னால் அழாமல் சிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் வந்து சொல்லும்வரை, பட்டுச்சேலையோடு அந்த அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் கிளம்பினார். இருந்த பதற்றத்தில் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

“சக்கரையக் கொறைக்கச் சொன்னமுங்க, பட்டினி கெடக்கச் சொல்லலையே” என்று டாக்டர் இவரைக் கடிந்துகொண்டார். அன்றே வார்டில் சேர்த்து, வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்து, அளவாக ஊசி போட்டு, சர்க்கரையை நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் சில நாள் தள்ளித்தான் நடந்தது. நல்லபடியாக நடந்தது. தையலும் சுத்தமாக ஆறியது.

பஸ்ஸில் சொன்னது எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் சொன்னால், “நீயாக் கதை கட்டிவிடாத அம்மணி” என்று வெட்கப்படுகிறார்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது வேர்த்துச் சோர்ந்து சாய்ந்தால், நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று விசாரித்துவிடுகிறேன். யாரோ ஒருத்தர் அப்படி எழுந்து வந்ததால்தான் என் வீட்டில் இன்னமும் என்னை அம்மணி என்று கூப்பிட ஆள் இருக்கிறது.