வைக்கோல் போருக்குள் பிரெஞ்சு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நாட்கள். புதுச்சேரியிலிருந்து வடக்கனந்தலுக்கு வாழ்க்கைப்பட்ட நான், தெருப் பிள்ளைகளுக்குக் கண்ணாமூச்சி ஆட்டத்திலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். ‘வெனே’ என்றால் ‘வாங்க’. அதைச் சொன்னால்தான் வெளியே வரவேண்டும். தமிழில் கூப்பிட்டு வந்தால் அவுட்.

ஒருநாள் பிள்ளைகள் ஒளிந்திருந்த நேரத்தில், மெயின் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கிறார்கள், போலீஸ் வருகிறது என்று சேதி வந்தது. எதிர்வீட்டு அஞ்சலை ஓடிவந்தாள்.

“இன்னாக்கா, கூப்ட்டுக்கினே இருக்கேன், ஒரு புள்ளயும் காணலியே! வேடிக்க பாக்க ரோட்டுக்குப் பூட்டுதுங்களா?”

பதற்றத்தில் நானும், “எல்லாரும் வந்துடுங்க!” என்று தமிழில்தான் கத்தினேன். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அஞ்சலையின் மகள் செல்வி கிசுகிசுத்தாள்: “அத்த நம்மள ஏமாத்தறாங்க, யாரும் வராதீங்க!”

“வெனே!” என்றேன். தலையெல்லாம் வைக்கோலாக அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். அடிக்க ஓங்கிய கையாலேயே அஞ்சலை மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் எந்த வார்த்தையையும் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன்பே அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். அஞ்சலை சாப்பிடக் கூப்பிடுவதுகூட ‘வெனே’ என்றுதான். சாப்பாட்டுக்கு மட்டும், எந்த மொழியில் கூப்பிட்டாலும் செல்வி வருவதே இல்லை.