ஆணியில் மாட்டிய நூல்

எங்கள் ஊர் மூணு பந்தயத்துக்கு இது பத்தாவது வருஷம். விழா மலர் போடுகிறார்கள். ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவர்கள் நினைவில் இருப்பதை எழுதித் தரும்படி டிரில் வாத்தியார் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நோட்டீஸில் டிரையத்லான் என்று போட்டிருக்கும். ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. ஏரியில் நீந்தி, மல்லசமுத்திரம் ரோட்டில் சைக்கிள் மிதித்துப் போய் வந்து, கடைசியில் ஓடுவதால் மூணு பந்தயம் என்றே ஆகிவிட்டது. ஏரி காய்ந்த வருஷம் தோட்டத்துப் பெரிய கிணற்றில் நீந்தினார்கள். நோய்க்காலத்தில் நடக்கவில்லை. மற்றபடி தை மாதம் பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை.

ஓட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்து எங்கள் தறிப்பட்டறை வரை வந்து திரும்பும். எங்களுடையதுதான் ஊர்க் கடைசி. முதல் வருஷம் முடிந்த மறுநாள் வாத்தியார் பந்தயக் கமிட்டி ஆட்களோடு எங்கள் வாசலில் வந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாதிப் பேரு உங்க ஊட்டுக்கே வரலீங்க அக்கா. டீக்கடையோட திரும்பிட்டானுங்க. ஒருத்தன் வாய்ல வடையோட வந்து சேந்தான்னா பாருங்க!"

கையில் மை வைக்கலாம் என்றால் வியர்வையில் அழிந்துவிடும் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நூலு கட்டி உடலாங்களே" என்றேன். நாலு பேர் கேட்க நான் ஒரு யோசனை சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதையே வைத்துக்கொண்டார்கள். எங்கள் தறியில் அந்த வாரம் நீளவாக்கில் என்ன கலர் பாவு நூல் ஓடுகிறதோ, புதுப் பாவு பிணைக்கும்போது மிஞ்சிய அந்தத் துண்டு நூலைத் திரும்புகிறவர்கள் மணிக்கட்டில் கட்ட வேண்டும். என்ன கலர் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனால் ஏமாற்ற முடியாது. "அக்கா கையில இருந்தா ஒரு பொய் புகுராதுங்க" என்று வாத்தியார் எல்லாரிடமும் சொன்னார்.

ஆனால் நான் யார் கையிலும் கட்டவில்லை. பனியனோடு மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற ஆம்பளைகளின் கையைப் பிடிப்பதற்குக் கூச்சம். வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்து, வெட்டிய நூல்களை அதில் மாட்டிவிட்டு உள்ளே தள்ளி நின்றுகொள்வேன். அவர்களே ஒன்றை உருவி, பல்லால் கடித்து முடிந்துகொண்டு போவார்கள். வாத்தியாருக்கு இது தெரியாது. நான் கட்டிவிடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வருஷம் பெண்களும் ஓடலாம் என்று வைத்தார்கள். பெண்களில் முதலில் வருபவளுக்குப் புது சைக்கிள். என் தம்பி மகளும் பேர் கொடுத்திருந்தாள்.

அன்றைக்குக் கத்திரிப்பூக் கலர் நூல். பட்டியலில் இருந்த ஆட்களுக்கு நாலைந்து கூடவே வெட்டி மாட்டியிருந்தேன். கஞ்சி போட்ட பாவு நூல் ஈரக் கை பட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டும். இது தறி வீட்டில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. வியர்வைக் கையோடு உருவினவர்களுக்கு இரண்டும் மூன்றுமாக வந்திருக்கிறது. அவர்களும் பார்க்கவில்லை, நானும் உள்ளே நின்றதால் பார்க்கவில்லை.

ஆண்கள் கூட்டம் பெரும்பாலும் போனதும் ஒரு பெண் தனியாக வந்தாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். தலைமுடியில் ஏரித் தண்ணீர் ஈரம் இன்னும் காயவில்லை. ஆணியைப் பார்த்தாள். ஆணி காலி.

"ஆத்தா, நூலு?"

நான் வெளியே வந்து தரையிலெல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை. மிஞ்சிய நூலை முழுக்க வெட்டியாகிவிட்டது.

"உள்ள தறியில அதே கலரு தெரியுதுங்களே. ஒரு இழை அறுத்துக் குடுங்க ஆத்தா, வெரசா."

அதற்குத்தான் என் கை வரவில்லை. ஒரு இழை அறுத்தால் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடலாம். ஆனாலும் ஓடுகிற பாவில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்துக்கு முன்பிருந்தே இருக்கிற கட்டு. பாவு நெய்து இறங்கும்வரை அது சாமி மாதிரி. குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் வேறு கலரில் இருந்தது. அதைக் கொடுத்தால் கள்ள நூல் என்பார்கள்.

"ஓடுற பாவுல கை வெக்கக் கூடாது சாமி. நீ ஓடு. நாம் பின்னாலயே வாரேன். நூலு தீந்துபோச்சுன்னு நானே சொல்றேன்."

"நெசமா வருவீங்களா?"

"வாரேன் சாமி. ஓடு."

அவள் ஓடினாள். வாசல் தாண்டி வளைவில் திரும்பும்போது எதிரே என் தம்பி மகள் வந்துகொண்டிருந்தாள். தம்பி மகள் காலி ஆணியைப் பார்த்துவிட்டுச் சுற்றும் முற்றும் தேடினாள். யாரோ இரண்டாகக் கொண்டுபோய் வழியில் உதறிவிட்டுப் போன நூல் ஒன்று வேலி முள்ளில் தொங்கியது. அதை அவளே எடுத்துக் கட்டிக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் வந்த ஆம்பளைகள் இரண்டு பேர் நூல் இல்லாமலே சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். போனது உண்மை. அதை மட்டும் வைத்துக்கொண்டு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

நான் போய்ச் சேரும்போது மேடையில் மைக் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு வெறும் கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் மைக்கை மூடாமலே கேட்டார்:

"நீயும் டீக்கடையோட திரும்பிட்டயா சாமி?"

கூட்டம் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "வடை சூடா இருந்துச்சா புள்ள?" என்று கத்தினார்கள். மறுபடியும் சிரிப்பு.

"இல்லீங்க சார். அந்த ஆத்தா வந்து சொல்றேன்னாங்க."

வாத்தியார் நியாயமான மனுஷன். உடனே மைக்கில், "நூல் குடுக்கற அக்கா வந்திருந்தா மேடைக்கு வாங்க" என்றார். இரண்டு தடவை கூப்பிட்டார்.

நான் வேப்பமரத்தடியில் பெண்களுக்கு நடுவில் நின்றிருந்தேன். காலை எடுத்து வைத்தேன். அப்போது என் தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"அக்கா, நம்ம புள்ள! நம்ம புள்ளைக்குத்தான் சைக்கிளு!"

எடுத்த காலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண் மேடைக்குக் கீழே நின்றபடியே கண்ணால் கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். வெயிலுக்குப் போடுகிற மாதிரி. நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

கூச்சம், மைக், அத்தனை ஜனம் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. எங்கள் பிள்ளைக்குச் சைக்கிள் வந்தது எனக்கும் இனித்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். "அன்னைக்கு அந்தப் புள்ள நூலு தீந்துபோச்சுன்னு சொல்லுச்சுங்களே அக்கா, அப்படி ஏதாச்சும்...?" நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றும் இல்லாமல் ஆமாம் என்றும் இல்லாமல் ஒரு ஆட்டு. அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் ஆட்டினேன்.

அடுத்த பந்தயத்திலிருந்து ஆணியைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொருவர் கையையும் பிடித்து நானே கட்டினேன். கூச்சமெல்லாம் இரண்டு மூன்று பேரோடு போய்விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. அந்தப் பெண் அப்புறம் வரவில்லை.

தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நிற்கும். தம்பி மகள் ஸ்கூட்டி வாங்கிவிட்டாள். சைக்கிள் மேல் வெங்காய மூட்டை. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

இந்தக் கார்த்திகையில் வாத்தியார் மலருக்காக வந்தார். "உங்களப் பத்தி ஒரு பக்கம் போடறோமுங்க அக்கா. இத்தன வருஷத்துல நூல்ல ஒரு தப்பு நடக்கலைன்னு எழுதப் போறேன்" என்றார். மறுநாள் தம்பி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

தம்பிக்குக் கோபம். "இத்தன வருசங் கழிச்சு இது எதுக்குங்கறேன்? புள்ளைக்கு மாப்பள பாத்துட்டு இருக்கற நேரத்துல?"

தம்பி மகள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தை. அவ நம்ம வாசல்ல இருந்து வெளிய வந்தத நாம் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லல. அதுக்கப்பறம் எனக்கும் வாய் வரல."

அன்றைக்கு நான் சைக்கிளுக்கு முதுகைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்தேன்.

வாத்தியாரிடமும் போய்ச் சொன்னேன். அவர் பழைய நோட்டை எடுத்து அந்தப் பெண்ணின் ஊர்ப் பெயரைப் பார்த்துச் சொன்னார். மேச்சேரி தாண்டி ஒரு சின்ன ஊர். நானும் தம்பி மகளும் பஸ் ஏறிப் போனோம். விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா பட்டிக்கு வெளியே ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருக்கும். மகளைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவர் கையில் இருந்த தழையை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் சொன்னது இதுதான்:

"அவ வந்து இதையேதானுங்க சொன்னா. நாந்தான் நம்பல. ஒரு பெரிய மனுசி சொல்றேன்னு சொல்லிப்போட்டு சொல்லாம இருப்பாளா, நீதான் பொய் பேசறேன்னு வெளக்கமாத்தால அடிச்சேன். ஊர்ல அவளுக்கு டீக்கடைன்னே பேர் வெச்சுட்டாங்க. கண்ணாலத்தன்னைக்குக் கூட மாமன் மொறைக்காரனுங்க அதச் சொல்லிச் சிரிச்சானுங்க."

தம்பி மகள், "அந்தச் சைக்கிள..." என்று ஆரம்பித்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

பிறகு அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளுக்குப் போட்டு, ஒன்றும் விளக்காமல் என்னிடம் நீட்டினார். எனக்குப் போனில் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பக்கம் "சொல்லும்மா" என்று குரல் கேட்டது. பின்னால் தறிச் சத்தம்.

"அம்மா இல்ல சாமி. நாந்தான், நூலு குடுக்கற ஆத்தா. அன்னைக்கு நூலு தீந்துபோச்சு. நீ எங்க ஊட்டு வாசல் வரைக்கும் வந்தே. நாம் வந்து சொல்லல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"எங்கம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க சாமி."

"அவங்க காதுல உழுகற மாதிரி இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். நாலு ஆடும் ஒரு அம்மாவும் கேட்க, சத்தமாகவே சொன்னேன்.