நேட்டிவ் எந்த ஊர்?

எனக்குச் சின்ன வயசிலிருந்தே யாரையும் லேசில் நம்ப வராது. பால்காரர் முதல் பாதிரியார் வரைக்கும் எல்லாரையும் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாட்டுங்காவில் நான் படித்த காலேஜின் கிளார்க் சிரித்துக்கொண்டே ஒரு ஃபாரத்தை நீட்டியபோதும் அந்தச் சிரிப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். வெளிநாட்டு யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை வந்திருக்கிறாராம். மாணவிகளுக்குத் தலைமைப் பயிற்சியாம், ஒரு வருஷம் அங்கேயே படிப்பாம், எல்லாச் செலவும் அவர்களுடையதாம். சீட் ஒன்றே ஒன்று.

"ஒன்னத் தலைவியாக்கி அவளுக்கு என்னளா ஆவப்போவுது?" என்றாள் அம்மா. எனக்கும் அதே கேள்விதான். ஆனாலும் அந்த சீட் எனக்கு வேண்டும். பரீட்சை முடிந்ததும் என்னை அத்தை மகனுக்குக் கட்டிவைக்க தாராவியில் எங்கள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தப்பிக்க வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஃபாரத்தில் ஓர் இடத்தில், 'நேட்டிவ்: யெஸ், நோ. யெஸ் என்றால் விவரம்' என்று இருந்தது. பம்பாயில் பேரைக் கேட்கிறார்களோ இல்லையோ, நேட்டிவ் எது என்று கேட்டுவிடுவார்கள். சொந்த ஊருக்கு அங்கே அதுதான் சொல். நான் யெஸ் போட்டு, திருநெல்வேலி ஜில்லாவில் ஆரம்பித்து எங்கள் கிராமத்துத் தபால் ஆபீஸ் வரைக்கும் எழுதினேன்.

பக்கத்தில் என் சிநேகிதியும் எழுதிக்கொண்டிருந்தாள். போரிவிலி காட்டுக்குள் இருக்கிற வார்லி ஆதிவாசிக் குடிசைகளிலிருந்து வந்து, செம்பூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். எங்களுக்குள் இந்திதான். பழக ஆரம்பித்த புதிதில் நான் நேட்டிவ் கேட்டதற்கு, "எனக்கு அதெல்லாம் கிடையாது, நாங்க எப்பவும் இங்கேயேதான்" என்றிருந்தாள். அன்றைக்கு ஃபாரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுவாரம் நோட்டீஸ் போர்டில், நேர்காணலுக்கு எழுதிப்போட்ட எல்லாருடைய பேரும் இருந்தது, அவளுடையதைத் தவிர. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சீட்டை அவளுக்கு உள்ளுக்குள்ளேயே முடித்துவிட்டார்கள், நம்மை ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். "நான் என்ன தப்பா எழுதினேன்னே தெரியலை" என்று அவள் கண் கலங்கினாள். நல்லாத்தான் நடிக்கிறாள் என்று மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

நேர்காணலில் நான்தான் முதல் ஆள். அந்த வெள்ளைக்கார அம்மா, "உங்கள் ஜனங்கள் எந்தக் காட்டில் இருக்கிறார்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். எங்கள் பக்கத்தில் தேரிக்காடுதான், மணலும் பனையும் என்றேன். உங்கள் குலத்தின் பாஷை எது என்றார். தமிழ் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் நாட்டில் ஆதிகுடிப் பிள்ளைகளை நேட்டிவ் என்பார்களாம். இங்கேயும் காட்டு ஜனங்களில் ஒரு பெண்ணைத் தேடித்தான் அவர் வந்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்து, திரும்பி வந்து, தன் ஜனத்துக்கு முன்னால் நிற்க ஒரு பெண்.

ஃபாரங்களை மேஜையில் பரப்பினார். எல்லாம் யெஸ். ராஜ்கோட், பாலக்காடு, மங்களூர். அடியில் ஒன்றே ஒன்று நோ. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

"இந்தக் காலேஜில் அப்படி ஒரு பெண்கூட இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கில்லாதது அவளுக்கு மட்டும் எதற்கு என்றுதான் நினைத்தேன், வேறு எதுவும் நினைக்கவில்லை.

"எனக்குத் தெரிந்து இல்லை" என்றேன்.

வெளியே வந்தால் அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் பேசாதவளுக்காகக் காத்திருந்திருக்கிறாள். கிடைத்ததா என்று கேட்டாள். யாருக்கும் கிடைக்காது போலிருக்கு என்றேன்.

"உன்னையாவது கூப்பிட்டுக் கேட்டாங்க" என்றாள். "எல்லாரையும் மாதிரி எனக்கும் ஒரு நேட்டிவ் இருந்திருந்தா என்னையும் கூப்பிட்டிருப்பாங்க, இல்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவளோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.